பேராண்டிக்கு ஓசி யோசனை

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. புதுமைப்பித்தனப் பத்தி ஒரே ராத்திரியில கட்டுரைய முடிச்சிட்டியாமே! போனத் தடவுனியாம், பொலபொலன்னு கொட்டுச்சாம். நாங்கள்லாம் கூறுகெட்ட பயலுவ, நூலகத்துல கால்கடுக்க நின்னு தூசி தின்னோம்.

‘பொறந்தது திருநெல்வேலி’ன்னு எழுதிருக்க. நல்லாத்தான் இருக்கு, நம்ம ஊர்க்காரருன்னு மீசைய முறுக்கிக்கிடலாம். என்ன செய்ய, மனுசன் 1906ல திருப்பாதிரிப்புலியூர்ல போய்ப் பொறந்து தொலைச்சிட்டாரு. அவுக அப்பாவுக்கு சர்க்கார் உத்தியோகம்லா! ரகுநாதன் எழுதுன ‘புதுமைப்பித்தன் வரலாறு’ 1951லயே வந்துட்டு. உன் கைக்குத்தான் இன்னும் வந்து சேரல போல.

அபிதான சிந்தாமணியில அவரு பேரே இல்லைன்னு அலுத்துக்கிட்டியாம்லா? எப்படிலே இருக்கும்? சிங்காரவேலு முதலியார் அத அச்சுல கொண்டாந்தது 1910ல. அப்ப இவருக்கு நாலு வயசு. மூக்கொழுகித் திரியுத பயல அகத்தியருக்கும் ஔவையாருக்கும் நடுவுல உக்கார வைக்கச் சொல்லுதியா? எந்தக் கனத்த புத்தகத்தத் தூக்குனாலும் மொதல்ல வருசத்தப் பாரு. புராணத்துக்கும் பழைய புலவருக்கும் அதுகிட்டப் போ. பிந்தின ஆளுகளுக்கு, பெரியசாமித் தூரன் பொறுப்புல 1954லருந்து வந்த கலைக்களஞ்சியம் இருக்கு, அதப் பொரட்டு.

இன்னொரு கூத்து. ‘பொன்னகரம்’ கதைக்கு 2000ன்னு வருசம் போட்டிருக்க. ஆளு செத்தது 1948லலே! செத்து அம்பது வருசங் கழிச்சுக் கதை எழுதுன புண்ணியவான் இவருதான். நீ பாத்தது இவரு கதைகளுக்கு வேங்கடாசலபதி போட்ட பதிப்பு வந்த வருசம். அதே புத்தகத்துல எந்தக் கதை எந்தப் பத்திரிகையில எப்ப வந்துச்சுன்னு அந்த ஆளு தேடித் தேடிப் போட்டிருக்காரு. பொன்னகரம் 1934ல, மணிக்கொடியில. நீ அட்டையப் பாத்ததோட மூடி வச்சிட்டியே, ராசா!

பழைய பத்திரிகைய நேர்லயே பாக்கணுமா? கோட்டையூர்ல விளம்பரப் பலகை எழுதிட்டிருந்த ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேத்தத சிகாகோ பல்கலைக்கழகம் வெல குடுத்து வாங்கி, மெட்ராசுலயே நூலகமா வச்சிருக்கு. அங்க போனா நூலகர்ட்ட வாயத் தொறந்து கேளு. சொ. விருத்தாசலம்னும் தேடு, வேளூர் கந்தசாமிப் பிள்ளைன்னும் தேடு. ரெண்டும் அவரேதான்.

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கு. உங்க ஆச்சி புளியோதரை கட்டி வச்சிருக்கா. அலைச்சல்னு தோணுச்சுன்னா இப்பமே சொல்லிரு, சோறாவது வீணாப் போவாம நான் பாத்துக்கிடுதேன்.