தவணைப் புடவைக்காரர்

மொபெட்டின் பின்சீட்டே தெரியாத அளவுக்கு ஒரு மூட்டை. ஓட்டுபவர் நெற்றியில் புருவம் தெரியாத அளவுக்கு ஒரு நாமம். திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு வீட்டு வாசலில் இந்த வண்டி நின்றால், அந்த வீட்டின் அடுத்த பத்து மாத பட்ஜெட் தயார்.

நம்மவர் 'புடவை வேணுமா?' என்று கேட்கவே மாட்டார். "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்பார். சொம்பு வருவதற்குள் மூட்டை அவிழ்ந்து, நகரி விசைத்தறி, வெங்கடகிரிப் பருத்தி, ஆரணிப் பட்டு என்று திண்ணை நிறைந்திருக்கும். விலையைத் தெலுங்கில் சொல்வார், தள்ளுபடியைத் தமிழில். இரண்டையும் கூட்டிக் கழித்து உண்மையான விலையைக் கண்டவர் தெருவில் இல்லை.

மலைக்கு வந்த விருந்தாளி இல்லாத வாரம் இந்த ஊர் வீடுகளில் அபூர்வம். சென்னைச் சம்பந்தியம்மா தரிசனம் முடித்து லட்டைப் பங்கு போடும் நேரம் பார்த்துத்தான் நம்மவர் கேட்டைத் தட்டுவார். சம்பந்தி முன்னால் 'கையில் காசில்லை' என்று யார் சொல்வார்கள்? "காசை யாருக்கா கேட்டா?" என்று அவரே முந்திக்கொள்வார். சம்பந்திக்கும் ஒரு புடவை போகும், வீட்டுக்காரம்மா கணக்கில்.

கடனென்றாலே முகம் சுளிக்கும் தேவஸ்தானத்து ஓய்வூதியக்காரருக்கும் பதில் உண்டு. "சாமி, ஏழுமலையானே குபேரன்கிட்ட கடன் வாங்கித்தானே நாராயணவனத்துல தாயாரைக் கல்யாணம் பண்ணாரு? கலியுகம் முடியறவரைக்கும் வட்டி கட்டறாரு. நமக்குப் பத்தே மாசம்!" தலபுராணத்தை எதிர்த்து வாதாடத் திருப்பதியில் யாருக்குத் துணிச்சல்? பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஊதா என்ன விலை?" என்பார்.

வசூலுக்கு மாத முதல் வாரம். 'அப்பா ஊர்ல இல்லை' என்று பையனைச் சொல்லவிட்டால் கோபிக்க மாட்டார். வாசலைப் பார்த்துவிட்டு, "செருப்பில்லாமயா போயிருக்காரு? பாவம், கால் சுடுமே!" என்று தெருவுக்கே கேட்கும்படி வருத்தப்படுவார். ஊரில் இல்லாத அப்பா உடனே பணத்தோடு வெளியே வருவார்.

கடைசித் தவணை கட்டும் அன்று புது மூட்டை அவிழும். அதனால் கணக்கு முடிந்த வீடு என்று அவர் நோட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

அவர் சொல்லும் புராணம் சரிதான். ஆனால் வட்டி கட்டப் பெருமாளுக்கு உண்டியல் இருக்கிறது. அந்த வசதி இல்லாத வீட்டுக்காரர்கள் கேட்டிலேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவது நல்லது.