இன்ஜின் சித்தப்பா

கள்ளக்குறிச்சியில் ஒருத்தருடைய கார் புகை தள்ள ஆரம்பித்தால், மெக்கானிக்குக்குத் தெரிவதற்கு முன்னால் இன்ஜின் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். கச்சிராயபாளையம் சாலையில் ஏதாவது பட்டறை வாசலில் பானெட் திறந்திருந்தால் போதும், சற்று நேரத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நிற்கும். இறங்குகிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்காரர் முகத்தைப் பார்க்காமல் சைலன்சரைப் பார்ப்பார். "நீலமா, வெள்ளையா?" என்பதுதான் அவருடைய வணக்கம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கறுப்பு என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக எரிவதற்கெல்லாம் யாரும் இன்ஜின் இறக்க மாட்டார்களே!

அவர் மெக்கானிக் இல்லை. நகக்கண்ணில் கிரீஸ் கிடையாது. சில ஊரில் அவர் உரக்கடை வைத்திருப்பார், சில ஊரில் அரிசி ஆலையில் கணக்கெழுதுவார், சில ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார். சின்னசேலத்தில் ஒருவர் உண்டு, தியாகதுருகத்தில் ஒருவர் உண்டு. சங்கராபுரத்தில் இரண்டு பேர், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவர்கள் யாருக்கும் சொந்தக் கார் கிடையாது என்பது முக்கியம். ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் நம்மவர் பதில் தயாராக இருக்கும்: "ஒரு காரை வாங்கிட்டா அந்த ஒரு இன்ஜினோடயே கிடக்கணும் தம்பி."

மாருதி இன்ஜின்களை அவர் உறவுமுறை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். பங்காளி, சம்பந்தி என்று இரண்டே வகை. மாருதி எண்ணூறும் ஆம்னியும் பங்காளிகள்: இரண்டிலும் எஃப்-எட்டு-பி, 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. ஆல்ட்டோ பெரியப்பா மகன்: அதே 796 சிசிதான், ஆனால் எஃப்-எட்டு-டி, பன்னிரண்டு வால்வு. "அப்போ ஆம்னி இன்ஜினை எண்ணூறுல அப்படியே வச்சிடலாமா சித்தப்பா?" என்று கேட்டவர் தொலைந்தார். "பங்காளிதான், ஆனா படுக்கிற திசை வேற. எண்ணூறுல குறுக்கால படுத்துக்கிட்டு முன்சக்கரத்தை ஓட்டும். ஆம்னியில சீட்டுக்கு அடியில நெடுக்கப் படுத்துக்கிட்டுப் பின்சக்கரத்தை ஓட்டும். உள்ளே போற சாமானெல்லாம் ஒண்ணு, வெளியில தாங்குற மவுண்டிங் வேற."

பெயரைப் பார்த்து இன்ஜின் வாங்குகிறவர்கள் மேல் அவருக்குத் தனிக் கோபம். வேகன்-ஆர் என்று சொன்னால் போதாது. பழையதில் இருந்தது 1061 சிசி, நான்கு சிலிண்டர். 2010-ல் வந்ததில் 998 சிசி கே-பத்து-பி, மூன்று சிலிண்டர். "பேரு ஒண்ணு, ரத்தம் வேற" என்பார். அதே கே-பத்து ஆல்ட்டோ கே-டென்னிலும் ஏ-ஸ்டாரிலும் உண்டு என்பதால், வேகன்-ஆர்காரருக்கு இன்ஜின் தேடும்போது ஆல்ட்டோ கே-டென் நொறுங்கிக் கிடக்கும் இடத்தையும் விசாரிப்பார். கே வகையில் டைமிங் செயின். பழைய எஃப், ஜி வகைகளில் பெல்ட். பெல்ட் இன்ஜினைப் பழசாக வாங்கினால், வண்டியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே புதுப் பெல்ட் போட்டாக வேண்டும். இதில் மட்டும் அவர் சிரிக்காமல் பேசுவார்.

ஸ்விஃப்ட் வந்தால் கதை டெல்லி வரைக்கும் போகும். 2005-ல் ஸ்விஃப்ட் வந்தபோது 1298 சிசி. 2010-ல் அது 1197 ஆனது. நூறு சிசி எங்கே போயிற்று? "சிவகங்கைக்காரர் சாப்பிட்டுட்டார்" என்பார் சித்தப்பா. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலில் 1200 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் சிறிய கார் என்று சொல்லி, கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். அந்த வரம்புக்குள் அடங்கும்படி ஒரு கே-பன்னிரண்டு பிறந்தது. பட்ஜெட் உரையை இன்ஜின் பிரசவச் செய்தியாகக் கேட்ட மனிதர் தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சம்பந்தி வகை என்பது பிற வீட்டிலிருந்து வந்தது. ஜென் டீசலுக்கு இன்ஜின் கொடுத்தது பிரான்ஸின் பூஷோ. ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி, இத்தாலியின் ஃபியட்டிடம் உரிமம் வாங்கி மானேசரில் செய்தது. அதே இன்ஜின் டாடா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் ஓடியது. அதனால்தான் பத்திரிகைக்காரர்கள் இதை இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கேலியும் பெருமையுமாக எழுதினார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது மாருதி டீசலையே கைகழுவிவிட்டது. விஸ்டா இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறதே, ஸ்விஃப்டில் போடலாமே என்று யாராவது யோசித்தால் சித்தப்பா கையெடுத்துக் கும்பிடுவார். உடம்பு ஒன்றுதான். ஆனால் மவுண்டிங், டர்போ, வயரிங், எல்லாவற்றுக்கும் மேலே இன்ஜினை ஆளும் கணினியான ஈசிஎம் இருக்கிறதே, அது சொந்தச் சாவியைத் தவிர யாரையும் நம்பாது.

இனி, பழைய இன்ஜின் தேடிப் போகும் புதுப்பேட்டை.

எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையில் இருக்கும் அந்தச் சந்துகளில் பிரித்த வண்டிகளின் சாமான் குவிந்து கிடக்கிறது. அங்கே கிடக்கும் எந்த இன்ஜினும் அறுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது கிடையாது. அவை இருந்த கார்களையெல்லாம் பின்னாலிருந்துதான் இடித்திருக்கிறார்கள். முன்னால் இடிபட்ட கார் புதுப்பேட்டைக்கு வருவதே இல்லை போலிருக்கிறது. "டாக்டர் வண்டிண்ணே, ஒரே ஓனர்" என்று கடைப்பையன் தொடங்குவான். சித்தப்பா காதில் வாங்காமல் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலைத் தேய்ப்பார். வெள்ளையாகக் குழைந்திருந்தால் தண்ணீர் கலந்தது, மூடிவிட்டு நகர்ந்துவிடுவார். அடுத்தது பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. அது முடிந்து பிளக்கைத் திரும்ப மாட்டியதும், கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைக் கொடுத்து மெதுவாகச் சுற்றுவார். மூன்று சிலிண்டர் என்றால் இரண்டு சுற்றுக்கு மூன்று இடத்தில் கை முட்ட வேண்டும். இரண்டு இடத்தில்தான் முட்டுகிறது என்றால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்வார். பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர் ஸ்பானரைப் பார்க்க மாட்டார், சித்தப்பாவின் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் புருவத்தையும் நம்ப முடியாது. பிடித்த இன்ஜின் முன்னால் முகத்தைச் சுளிப்பார், பிடிக்காததை வானளாவப் புகழ்வார், எல்லாம் விலை குறைக்கத்தான். ஒரு சமயம் வண்டிக்காரர் அந்தப் புகழ்ச்சியை மெய்யென்று நம்பி முன்பணத்தை நீட்டிவிட, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்து முனை வரை வர வேண்டியதாயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் நடிப்பு கிடையாது. பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரில் அரம் பட்ட தடம் தெரிந்தால், வாங்கிக் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நம்பர் சுத்தமாக இருந்தாலும் கடைக்காரரிடம் பில் வாங்காமல் நகர மாட்டார். ஊருக்கு வந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி. புக்கில் புது நம்பரை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வண்டி விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் நிற்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னால் வண்டிக்காரர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதோடு சரி.

கமிஷன் வாங்குகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. மதியம் ஒரு பிரியாணி, வழியில் இரண்டு டீ, அவ்வளவுதான் அவர் செலவு. காசுக்காகப் போகிறவர் வாங்கின பொருளைத் திரும்பியாவது பார்ப்பார். இவர் பார்ப்பதில்லை. குட்டியானையில் கயிறு போட்டுக் கட்டிய இன்ஜின் பின்னால் ஆடிக்கொண்டு வர, விட்டுவிட்டு வந்த இன்ஜின்களைப் பற்றியே உளுந்தூர்பேட்டை வரைக்கும் பேசுவார். "அந்த நீல தார்ப்பாய் போட்ட கடையில ஒரு ஜென் இன்ஜின் கிடந்துச்சே, அலுமினியம் பிளாக், பார்த்தியா? அதைப் போல இனி யார் செய்யப் போறான்!" வண்டிக்காரர் வைத்திருப்பது ஆல்ட்டோ.

இன்ஜின் ஏறி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆகிவிட்டால் மற்ற ஊர்களில் காரியம் முடிந்தது. கள்ளக்குறிச்சியில் முடியாது. கல்வராயன் மலை ஏற வேண்டும். "தரையில எல்லா இன்ஜினும் உத்தமன்தான்" என்பார் சித்தப்பா. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைச் சாலையில் ஏற்றம் தொடங்கியதும் ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொள்வார். இரண்டாம் கியர். டெம்பரேச்சர் முள்ளை ஒருத்தர் பார்க்க வேண்டும், பின்னால் புகையை ஒருத்தர் பார்க்க வேண்டும். அதற்கென்றே இரண்டு பேரை ஏற்றிவந்திருப்பார். பாரமும் ஆயிற்று. எதிரே மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் மேலே ஆட்களுமாகப் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று முக்கிக்கொண்டு இறங்கினால், "அதுவும் பூஷோ சம்பந்தம்தான்" என்று அதற்கு ஒரு கும்பிடு போடுவார். அந்தக் காலத்து ஜீப்புகள் பலவற்றின் டீசல் இன்ஜின் பூஷோ உரிமத்தில் செய்தது, அந்த மரியாதை.

போன மாதம் அப்படி ஒரு ஆல்ட்டோ வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தது. முள் பாதியைத் தாண்டவில்லை, புகை இல்லை. டீக்கடை முன்னால் நிறுத்தி வண்டிக்காரர் பலாச்சுளை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். சித்தப்பா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கடைசி வளைவுல கியர்பாக்ஸ் ஒரு முனகல் முனகுச்சே, கேட்டியா தம்பி?"

"இல்லையே சித்தப்பா."

"முனகுச்சு. நீ பில் போட்டுக்கிட்டிருந்தப்போ, எதிர்க் கடையில ஒண்ணு பார்த்து விலையைக் கேட்டு வச்சிருக்கேன்."

வண்டிக்காரர் மீதிப் பலாச்சுளையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.