பல்பு வாங்கிய சுதந்திரம்

அக்டோபர் 2 வந்தால் கொனாக்ரியில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கொடி ஏறும். கினி நாட்டின் சுதந்திர நாள். 1958-இல் பிரெஞ்சுத் தலைவர் தே கோல் நடத்திய வாக்கெடுப்பில், பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனிகளிலேயே "உன் உறவு வேண்டாம்" என்று சொன்னது இந்த ஒரு நாடுதான். செல்வத்தோடு அடிமையாக இருப்பதைவிட வறுமையோடு சுதந்திரமாக இருப்போம் என்றார் தலைவர் செகூ தூரே. வறுமை சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது. சுதந்திரம்தான் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

துரைமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போகிற போக்கில் கோப்பு, தொலைபேசி, பல்பு வரை கழற்றிப் போனார்களாம். மிஞ்சிய மருந்தைக் கொளுத்தினார்களாம். நாகரிகம் கற்பிக்க வந்தவர்களின் கடைசிப் பாடம்! 1960-இல் கினி சொந்தப் பணம் அச்சிட்டதும், பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டை அடித்து உள்ளே தள்ளியது.

சரி, கழற்றிய பல்பை ஊர்க்காரராவது மாட்டினாரா? தூரே 26 ஆண்டு ஆண்டார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் தியாலோ தெல்லியை, போய்ரோ சிறை முகாமில் சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிட்டார்கள். அதற்குக் 'கறுப்பு உணவு' என்று பெயர். பட்டினிக்குக்கூட ஒரு பதார்த்தப் பெயர்!

2007 வாக்கில் பரீட்சை நாட்களில் கொனாக்ரி விமான நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டியதும் பிள்ளைகள் வந்து விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து பாடம் படிப்பார்கள், வீட்டில் கரண்ட் இல்லாததால். உலகிலேயே அதிக பாக்சைட் அவர்கள் காலடியில் கிடக்கிறது. அந்தத் தாது கப்பலேறி, அலுமினியமாகி, விமானமாகித் தலைக்கு மேலே பறக்கும். பிள்ளை கீழே கணக்குப் போடும்.

வாக்கெடுப்பு நடந்த செப்டம்பர் 28-ஐ மறக்கக்கூடாதென்று மைதானத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். 2009-இல் அதே நாளில், அதே மைதானத்தில், ராணுவ ஆட்சித் தலைவர் காமரா தேர்தலில் நிற்கவே வேண்டாம் என்று சொல்ல ஜனங்கள் திரண்டார்கள். பிரான்ஸுக்குச் சொன்ன 'வேண்டாம்' வீரம். இவருக்குச் சொன்னால் துரோகம். சிப்பாய்கள் உள்ளே புகுந்து சுட்டதில் 150 பேருக்கு மேல் செத்தார்கள். பெண்களைப் புல்தரையிலேயே பட்டப்பகலில் சீரழித்தார்கள்.

வழக்கு 2022-இல்தான் நீதிமன்றம் ஏறியது. 2024-இல் காமராவுக்கு 20 ஆண்டு சிறை. மறு ஆண்டு மார்ச்சிலேயே, தாமும் ஆட்சியைக் கவிழ்த்து நாற்காலி பிடித்த ஜெனரல் தூம்பூயா அவரை மன்னித்துவிட்டார். உடம்பு சரியில்லையாம். அன்று மைதானத்திலிருந்து அள்ளிப்போன உடம்புகளில் பல எங்கே புதைக்கப்பட்டன என்று, வீட்டாருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.