குற்றம் தடுக்கும் குர்த்திக்கு அளவு கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கல்லூரி வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருக்கும் லேடீஸ் டெய்லர்.

பெறுநர்:
உயர்திரு ஒழுங்குக் குழுத் தலைவர் அவர்கள். (கல்லூரிப் பெயரை எழுதவில்லை. கடைக் கட்டடம் தங்கள் தாளாளரின் மச்சானுடையது.)

பொருள்: மாணவியர் உடை – பாதுகாப்பு – இன்ச் கணக்கு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

22 வருஷமாகத் தையல் தொழிலில் இருக்கிறேன். அளவு ஜாக்கெட் கொண்டு வராமல் "சுமாரா தைச்சுடுங்க" என்று துணியை நீட்டுகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். சுமாராகத் தைத்தால் அக்குளில் பிடிக்கும், பழி எனக்கு வரும். தாங்கள் போன மாதம் ஒட்டிய சுற்றறிக்கையும் அந்த மாதிரிதான் இருக்கிறது.

"மாணவியர் தங்கள் பாதுகாப்பைக் கருதி" என்று ஆரம்பிக்கிறது. குர்த்தி முழங்காலுக்குக் கீழே வர வேண்டும். பக்கவாட்டு ஸ்லிட் இடுப்பைத் தொடக் கூடாது. லெக்கிங்ஸ், ஜீன்ஸ் கூடாது. துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும். தலையை விரித்துப் போடக் கூடாது. கடைசியில் பையன்களுக்கும் இரண்டு வரி: சட்டையை டக் இன் செய்ய வேண்டும், தாடி கூடாது. அந்த இரண்டு வரியில் 'பாதுகாப்பு' என்ற சொல்லைத் தேடினேன், காணோம். பையன்கள் டக் இன் பண்ணுவது இன்டர்வியூவுக்கு, பெண்கள் பின் குத்துவது உயிருக்கு என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

என் சந்தேகம் தொழில் சம்பந்தப்பட்டது. முழங்காலுக்குக் கீழே என்றால் எத்தனை இன்ச்? 4 இன்ச் இறக்கினால் விசில் நிற்குமா? உரசலை நிறுத்த 6 இன்ச் வேண்டுமா? முக்கால் கைக்கும் முழுக் கைக்கும் நடுவே எத்தனை சதவீதம் ஆபத்து குறைகிறது? காட்டன் முதல் துவைப்பிலேயே ஒரு இன்ச் சுருங்கும். அப்போது பாதுகாப்பும் சுருங்குமா, இல்லை நான் முன்னெச்சரிக்கையாக உள்ளே மடித்து விட வேண்டுமா? இதையெல்லாம் எழுதாமல் 'கண்ணியமான உடை' என்று மட்டும் போட்டால் நான் எப்படிக் கத்தரிக்கோலைப் பிடிப்பது?

தங்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நானே அளவு தேடிப் பார்த்தேன். என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். செல்லில் தேடிப் படித்துச் சொன்னாள்.

முதலில் கோழிக்கோடு. 2022 ஆகஸ்டில் அங்கே ஒரு செஷன்ஸ் கோர்ட், பாலியல் தொல்லை வழக்கில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் எழுத்தாளருக்கு முன்ஜாமீன் கொடுத்தது. அவர் தரப்பு நீட்டிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு, புகார் கொடுத்த பெண் உணர்ச்சியைத் தூண்டும் உடை உடுத்தியிருக்கிறார், ஆகவே பாலியல் தொல்லைக்கான சட்டப் பிரிவு முதல் பார்வைக்கே பொருந்தாது என்று உத்தரவில் எழுதியது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கழுத்து எத்தனை இறக்கம், கை எவ்வளவு, லைனிங் உண்டா? ஒன்றும் இல்லை. அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் ஜாமீனை அப்படியே விட்டுவிட்டு அந்த உடை வரிகளை மட்டும் நீக்கிவிட்டது. எனக்கு வர வேண்டிய பேட்டர்ன் அத்தோடு போச்சு.

அடுத்து இத்தாலி. 1992இல் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் மீது பலாத்காரப் புகார் கொடுத்தாள். கீழே தண்டனை கிடைத்தது. அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1999 பிப்ரவரியில் வெளியான அந்தத் தீர்ப்பில், இறுக்கமான ஜீன்ஸை உடுத்தியவள் ஒத்துழைக்காமல் கழற்றவே முடியாது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். பெண் எம்.பி.க்கள் சிலர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நாடாளுமன்றத்தில் வந்து நின்றார்கள். ஐயா, மாதம் முப்பது ஜீன்ஸுக்கு ஜிப் மாற்றுகிறேன். அந்த நீதிபதிகள் யாரும் ஒரு தடவைகூட என் மாதிரி ஒருத்தியிடம் கேட்டிருக்க மாட்டார்கள். சரி, கோழிக்கோட்டையும் இத்தாலியையும் சேர்த்து வைத்து அளந்தேன். உடம்பு தெரிந்தால் அழைப்பு, இறுக்கி மூடினால் சம்மதம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சைஸ் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், ஸ்டாக் போடுகிறேன்.

"ரோம் வரைக்கும் எதுக்கும்மா, நம்ம வாச்சாத்தி இருக்கே" என்றாள் மகள். அதுவும் 1992தான், ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி மாவட்டத்து மலையடிவார ஊருக்குள் நுழைந்த அரசு ஊழியர்கள் 18 பழங்குடிப் பெண்களைப் பலாத்காரம் செய்த வழக்கு. பெரும்பாலும் சேலைக்காரப் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். சேலை வந்தால் எனக்கு ஃபால்ஸ் தைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஸ்லிட்டும் இல்லை, இறக்கக் குறைவும் இல்லை. தங்கள் குழு வாசலில் நின்று பார்த்திருந்தால் பேசாமல் உள்ளே விட்டிருக்கும்.

அங்கே உடை விதியை அச்சு அசலாகக் கடைப்பிடித்தவர்கள் வேறு ஆட்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி கோர்ட், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை. தேய்த்த காக்கி, டக் இன், பெல்ட், பாலிஷ் போட்ட ஷூ. தாடிகூட இருந்திருக்காது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தங்கள் சுற்றறிக்கையின் பையன்கள் பகுதிக்கு இதைவிட நல்ல மாடல் போட்டோ கிடைக்காது.

இன்னொரு கணக்கும் மகள் சொன்னாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் பதிவான 31,000க்கும் மேற்பட்ட பலாத்கார வழக்குகளைப் பிரித்துப் போட்டிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவன். அவன் முன்னால் அவள் நைட்டியில் நடந்திருப்பாள், ஸ்கூல் யூனிஃபார்மில் நடந்திருப்பாள், காய்ச்சலில் போர்வையோடு படுத்திருப்பாள். தங்கள் கேட்டில் நிற்கும் மேடம் இவர்கள் வீட்டு வாசலிலும் ஷிஃப்ட் போட்டு நிற்பாரா? கைக்குழந்தைக்கு ஜட்டி, கவுன் தைக்கவும் என்னிடம் வருகிறார்கள். அதற்கு என்ன இறக்கம் வைப்பது என்று கேட்க ஆரம்பித்து, வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

இனி நம் கல்லூரி விஷயம். இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி, போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஓடி வந்தாள். முந்தின நாள் ஸ்லிட் அதிகம் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நின்ற நிலையில் இரண்டு பக்கமும் மூன்று இன்ச் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தாள். தையல் விட்டிருந்தது, காலையில் காலேஜ் வர டவுன் பஸ் படி ஏறும்போது கால் விரியவில்லை. இடது தோளில் ஐந்து ரூபாய் காசு அளவுக்கு ரத்தம். கூட்டத்தில் ஒருவன் மேலே சாய்ந்து அழுத்தியிருக்கிறான், தாங்கள் குத்தச் சொன்ன பின் திறந்துகொண்டு அவள் தோளிலேயே இறங்கிவிட்டது.

அந்தக் கோலத்திலேயே தங்கள் குழுவிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கிறாள். ஆளைப் பற்றி என்னிடம் கேட்காமலே சொன்னாள்: இளநீலச் சட்டை, தேய்த்தது, கழுத்தில் ஏதோ கம்பெனி டேக். எனக்குத் தெரிந்து இதைத் தங்கள் குழு கேட்கவில்லை. குழு கேட்டது, "நீ என்னம்மா போட்டிருந்த?" அவள் அதே உடையில்தான் தங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு பக்கமும் பின் குத்தியிருந்தியா?" என்று அடுத்த கேள்வி. தோளைக் காட்டியிருக்கிறாள். "காலேஜ் பஸ் இருக்கும்போது டவுன் பஸ்ல ஏன் வர்ற?" காலேஜ் பஸ்ஸுக்கு வருஷம் நாற்பதாயிரம் ரூபாய் ஐயா, அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

புகார் சொல்லும் பெண்ணின் உடையைப் பற்றிப் பேசக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சிலேயே கோர்ட்டுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டதாம். கோர்ட்டுக்குச் சொன்னது குழுவுக்குச் செல்லாது என்று தாங்கள் சொல்லலாம். ஆனால் 2013 சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு என்று ஒன்று இருக்க வேண்டுமாம், அதன் பெயர்ப் பட்டியல் கண்ணில் படும்படி இருக்க வேண்டுமாம். பெண்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். லேப் மாடிப்படிக்குக் கீழே, தீயணைக்கும் சிலிண்டருக்குப் பின்னால், ஒரு ஏ4 தாள். அதில் உள்ள ஒரு மேடம் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உடை விதி மட்டும் கேட்டில் எட்டடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ், ராத்திரியில் லைட் வேறு.

அந்தக் குர்த்தி என் கடையில்தான் தொங்குகிறது. மூன்று தடவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் தோள் கறை முழுசாகப் போகவில்லை. வேறு நல்ல குர்த்தி அவளிடம் இல்லை. மேலே ஒரு பூ எம்ப்ராய்டரி போட்டு மறைத்துவிடலாம் என்றேன். "ரூல்ஸ்ல ஒத்துப்பாங்களாக்கா?" என்றாள். சுற்றறிக்கையைத் திரும்ப ஒருமுறை படித்தேன். பூவைப் பற்றி ஒன்றும் போடவில்லை. தெரியப்படுத்தினால் வியாழக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
எதிர்க்கடை டெய்லர்

இணைப்பு: இன்ச் டேப் – 1 (60 இன்ச், இரண்டு பக்கமும் எண் உள்ளது)