கனநீர் உத்தியோகம் பார்ப்பது எப்படி?

கப்பல் ஏஜென்சியும் வேண்டாம், உப்பளமும் வேண்டாம், அணு இன்ஜினியராகி அரசாங்கச் சம்பளம்தான் வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும் தூத்துக்குடித் தம்பி தங்கைகளுக்குச் சில யோசனைகள்.

1. தேர்வு: கெமிக்கலோ மெக்கானிக்கலோ படித்துவிட்டு 'கேட்' எழுதுங்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் ஆள் எடுத்துவருகிறது. நேர்முகத்தில் பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லிவிடுங்கள், நேர்மை என்பார்கள். வேலையில் சேர்ந்தபின் ஊராரிடமும் அதே சொல்லைச் சொல்லலாம். அதற்கு ரகசியம் என்று பெயர். 1962-ஆம் வருடத்து அணுசக்திச் சட்டம் துணைக்கு இருக்கிறது.

2. அம்மாவுக்கு விளக்கம்: "அணுன்னா கூடங்குளமாலே?" என்பார். ஸ்பிக் உர ஆலையை ஒட்டி 1978 முதல் இருக்கும் கனநீர் ஆலையைச் சொல்லுங்கள். கனநீரில் இருப்பது டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜன்; சாதாரண ஹைட்ரஜனில் ஏறக்குறைய ஏழாயிரத்துக்கு ஒன்றுதான் அது. அம்மோனியா தயாரிக்கும் வாயுவிலிருந்து அதைப் பிரிப்பது, மலைமலையாகச் சிப்பி அள்ளி ஒரு நல்முத்து தேடுவதுதான். "முத்துக்குளிப்பு 1961-லயே நின்னுபோச்சே, ஒன் வேலை நிக்காதா?" என்று அம்மா கேட்டால் பேச்சை மாற்றுங்கள். உர ஆலை நின்றால் கனநீரும் நிற்கும், நின்றும் இருக்கிறது. பிறகு அதே வளாகம் யுரேனியம் பிரிக்க உதவும் கரைப்பான் தயாரிக்கக் கற்றுக்கொண்டது.

3. உள்ளூர்ப் பெருமை: எதிர்பார்க்காதீர்கள். கனநீர், கல்பாக்கம் போன்ற உலைகளுக்குத்தான் வேண்டும். பக்கத்துக் கூடங்குளத்தின் ரஷ்ய உலைகளுக்கு ஒரு சொட்டும் தேவையில்லை. அவை சாதாரணத் தண்ணீரில் ஓடுகின்றன.

4. கல்யாணம்: "கரண்டு வந்ததும் தாலி" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில். கட்டுமானம் தொடங்கியது 2002-ல். முதல் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013 அக்டோபரில்.

5. கடல் அறிவு: பாடத்திட்டத்தில் இல்லை, வேலையில் உண்டு. 2023 செப்டம்பரில் நம் துறைமுகத்திலிருந்து இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிப்போன மிதவை, இழுவைக் கயிறு அறுந்து, கூடங்குளத்துக் கரையருகே பாறையில் தட்டி நின்றது. அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று மீனவப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்வான். அவனை ஆலோசகராக வைத்துக்கொள்ள விதிமுறையில் இடமில்லை.

6. டீக்கடை: "பயப்பட ஒன்றுமில்லை" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். 2011-ல் புகுஷிமா அணு விபத்துக்குப் பிறகு கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரை மக்கள் கேள்வி கேட்டபோது அது தாராளமாகச் செலவானது. போதாததற்கு வழக்குகள், ஆயிரக்கணக்கானோர் மீது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது, 15 நிபந்தனைகளோடு. "பயமே இல்லேன்னா பதினஞ்சு எதுக்கு தம்பி?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்பார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓடாமல் நின்று, அந்த அண்ணாச்சிக்குப் புரிகிற தமிழில் பதில் சொல்லவும் செய்யலாம். உங்கள் சம்பளத்தில் அவர் கட்டிய வரியும் இருக்கிறது. அதைச் செய்யத் தெரியாதவர் எத்தனை டன் கனநீர் எடுத்தாலும் பாதி இன்ஜினியர்தான்.