சந்தாபுரா உறைவு: காலக்கணிப்பும் கருத்து வேறுபாடுகளும்

கணினித் திரையின் ஓரத்தில் அறிவிப்பு ஒன்று எட்டிப் பார்க்கிறது. மூடலாம் என்று சொடுக்குகிறோம். திரை அப்படியே உறைந்துவிடுகிறது. பெங்களூரின் ஓசூர் சாலையில் பொம்மசந்திராவைத் தாண்டியுள்ள சந்தாபுராவில், வீட்டிலிருந்தே வேலை பார்ப்போரிடையே இது மிகுதி (மாடிவீட்டுக்காரர், வாய்மொழி). ஆயினும் முறையான ஆய்வு இதுகாறும் நிகழ்ந்திலது. அக்குறையை இக்கட்டுரை நீக்கும். நீக்காவிடினும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கருத்தரங்கக் கோவையில் இடம்பெறும், கட்டணம் கட்டியாயிற்று.

உறைவு மூவகைப்படும். முதலாவது, தானே தெளிவது. இதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

இரண்டாவது, அம்புக்குறி மட்டும் உலாவுவது. பெரும்பாலும் அம்புக்குறியை வரைகலைச் சில்லு தனியாகக் கவனித்துக்கொள்வதால் அதற்குத் தடையில்லை. பாட்டும் நிற்பதில்லை, ஒலி வேறொரு நிரலின் பொறுப்பு.

மூன்றாவது, கடிகாரமும் நின்றுபோவது. இது ஏனென்று அறியச் சற்றே வரலாறு வேண்டும். லினக்சில் புழங்கும் க்னோம் மேசைத்தளத்தின் மூன்றாம் பதிப்பு 2011 ஏப்ரலில் வந்தது. அதையொட்டி க்னோம் ஆசியா மாநாடும் பெங்களூரிலேயே கூடியது. அப்போது திரையின் அடியில் கிடந்த அறிவிப்புகளை, 2015 மார்ச்சில் வந்த 3.16 பதிப்பு மேலேற்றிக் கடிகாரத்தின் கீழ்க் குடிவைத்தது. அறிவிப்பு, கடிகாரம், சாளரம் மூன்றையும் திரையில் காட்டுவது ஒரே நிரல், அதுவும் பெரும்பாலும் ஒரே இழையில். இத்தகைய அமைப்பில் அவ்விழை யாருடைய பதிலுக்கோ காத்து நின்றால் மற்ற அனைத்தும் நிற்கும். டீ போடுபவரே கல்லாவிலும் உட்காரும் பேக்கரியில், அவர் சில்லறை மாற்றப் போனால் பால் பொங்கிக்கொண்டுதான் இருக்கும், டீயும் பில்லும் நகரா.

இனி, உறைவின் காலம். கடிகாரம் 11:42-இல் நின்றதெனில் உறைவு 11:42-க்கே நிகழ்ந்தது என்பர் முந்துகாலத்தார். அக்கடிகாரம் இயல்பில் வினாடி காட்டாது. ஆகவே 60 வினாடிகள் கணக்கில் வராமல் கிடக்கின்றன, அவற்றுள் கடைசி வினாடியே பொருந்தும் என்பர் பிந்துகாலத்தார் (ஆனேக்கல் ரோட்டு பேக்கரி, இரண்டாம் பெஞ்சு, டீ ஆறுமுன்). பயனர் கவனித்த கணமே உறைவின் கணம், கவனிக்கப்படாத உறைவு உறைவன்று என்பார் மூன்றாமவர். ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை அகச்சான்றாகக் கொள்ளலாம் எனின், அது முதல் சரணமா இரண்டாம் சரணமா என்பதில் பாடபேதம் உண்டு. ஹீலலிகே நிலையத்தில் ரயில் ஊதியதைப் புறச்சான்றாகக் கொள்வாரும் உளர், ரயில் நேரத்துக்கு வந்ததென்ற அவர்தம் எடுகோள் ஏற்கத்தக்கதன்று (மேற்படி பெஞ்சு, மறுநாள், டீ ஆறியபின் கருத்தை மாற்றிக்கொண்ட திருத்திய பதிப்பு, தேங்காய் பன் தீர்ந்த அதிகாரம், பிற்சேர்க்கை, கைதுடைத்த தாளின் பின்பக்கம்). கல்லைப் பாராமலே கல்வெட்டின் நூற்றாண்டை மாற்றும் மரபு இத்துறைக்கும் வந்துவிட்டது: வாதிட்ட மூவருள் எவரும் அந்தக் கணினியைக் கண்டதில்லை.

தீர்வு சிறிது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் கறுப்பு முனையம் வரும். அங்கிருந்து சிக்கிய நிரலை நிறுத்தலாம். பழைய எக்ஸ்11 முறையில் சாளரங்கள் பிழைக்க வாய்ப்புண்டு. புதிய வேலண்ட் முறையில் திரையை நடத்தும் நிரல் போனால், சேமிக்காத வேலையும் கூடவே போகும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போரும் உளர். நின்ற மணி திரையிலிருந்து மறைந்துவிடுவதால் அது சான்றழிப்பு என்று மூன்று தரப்பாரும் கண்டிக்கின்றனர்; அவர்கள் ஒன்றுபடும் இடம் இது ஒன்றே.