தோற்காத சீமை

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச்சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவரையே சாட்சி வைத்துச் சொல்கிறேன்: கால்பந்தில் சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஈடான ஊர்கள் தென்னாட்டில் கிடையாது. இந்தியன் சூப்பர் லீகில் எங்கள் கிளப் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. ஐ லீகிலும் அப்படியே. தோற்பதற்கு ஒரு கிளப் வேண்டுமே! 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். அதுவரை ஒரு மாவட்டம் தோற்காமல் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு மாவட்டங்கள்.

கிளப் வைத்துக்கொண்ட ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால்தான் எங்கள் பெரியவர்களின் தீர்க்கதரிசனம் விளங்கும். ஹைதராபாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சையத் அப்துல் ரஹீம் பயிற்சி கொடுத்த போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வாங்கிய ஊர் அது. அதே ரஹீம்தான் 1956 ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோனவர். அப்பேர்ப்பட்ட ஊருக்கு 2019இல் ஒரு கிளப் வந்தது. புனேயில் ஒரு கிளப்பை மூடியதால் காலியான இடம். 2022 மார்ச்சில் சூப்பர் லீக் கோப்பையே வாங்கிவிட்டார்கள். அடுத்து என்ன? சம்பள பாக்கி, புது ஆட்களை எடுக்க ஃபிஃபாவின் தடை, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றம். 2024இல் புது முதலாளி. 2025இல் புதுப் பெயர், புது ஊர்: டெல்லி. அதே ஆண்டு டிசம்பரில் மெஸ்ஸி ஹைதராபாத்துக்கு வந்தார். உப்பல் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் கூட்டம் திரண்டு ஆரவாரம் செய்தது. சொந்த அணியை அனுப்பிவிட்டு விருந்தாளியைக் கொண்டாடும் பெருந்தன்மையை அங்கே கண்டோம். எங்களிடமிருந்தோ, எவரும் எந்த அணியையும் கடத்திக்கொண்டு போக முடியாது.

கொடை என்று பார்த்தாலும் ஆந்திரம் சளைத்ததல்ல. 2020இல் விசாகப்பட்டினத்தின் பெயரில் ஸ்ரீநிதி கிளப்புக்கு ஐ லீகில் இடம் கிடைத்தது. களத்தில் இறங்குகிற வேளையில் அணியின் ஊர் ஹைதராபாத் என்று ஆகியிருந்தது. அங்கே போய் 2022-23, 2023-24 என்று அடுத்தடுத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். மாநிலம் பிரிந்தபோது தலைநகரத்தையே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர்கள் பதினோரு பேரைக் கொடுக்கத் தயங்குவார்களா?

எங்கள் ஊர்ப் பணக்காரர்களின் கணக்கு அறிவைப் பாராட்டாவிட்டால் நாக்கு அழுகிவிடும். சூப்பர் லீகில் கிளப் நடத்தப் பெரும்பாலானோர் ஆண்டுக்குப் பல கோடி கட்டணம் கட்டி வந்தார்கள். ஸ்டேடியம் பெரும்பாலும் வாடகைக்கு. 2010இல் கால்பந்துச் சம்மேளனம் பதினைந்து ஆண்டுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, வணிக உரிமைகளை ஒரே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டதால் கல்லாவின் சாவியும் அங்கேதான் இருந்தது. கடைசி இடத்துக்குப் போனவர்களையும் கீழே தள்ளவில்லை. கீழிருந்து ஜெயித்து மேலே ஏறும் வழியோ 2023இல் பஞ்சாப் அணி வரும்வரை கிடையாது. அதாவது, சிற்றூர் ஒன்று ஆடி வெல்ல முடியாத இடத்தைப் பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவர் வாங்க முடிந்தது. அந்த ஒப்பந்தம் 2025இல் முடியப் போகிறது என்று பதினைந்து ஆண்டாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் சீசன் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. உரிமைக்குப் புது டெண்டர் விட்டார்கள், ஒருவரும் கேட்க வரவில்லை. அடுத்த மாதம் ஆட்டம் உண்டா என்று தெரியாத கடையில் முதல் போடாததற்காக எங்கள் செல்வந்தர்களைக் குறை சொல்பவன் மூடன்.

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினாலும் இதே பாடம்தான். சென்னை சிட்டி என்ற பெயரில் கோயம்புத்தூரில் ஆடிய அணி 2018-19இல் ஐ லீகையே வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021க்குப் பிறகு அந்த லீகில் அந்தப் பெயரே இல்லை.

பணம் இல்லை, கூட்டம் இல்லை என்று மட்டும் எங்களைப் பழிக்காதீர்கள். திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் 5,258 கோடி. அது பெருமாள் சொத்து. பந்துக்குக் கேட்பது பாவம். ஆனால் அவரை நம்பி வாழும் லாட்ஜும் ஓட்டலும், மலையடிவாரத்து பேட்டரித் தொழிலும், சித்தூர் மாங்கூழ் ஆலைகளும் இருக்கின்றனவே! கூட்டமா? சாதாரண நாளிலேயே அறுபது, எழுபதாயிரம் பேர் மலையேறுகிறார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நிற்க உலகுக்கே கற்றுக்கொடுத்த ஊர் இது.

மைதானமும் உண்டு. திருப்பதி தாரகராமா ஸ்டேடியத்தில் 2014 ஏப்ரல் 30 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில் மோடியும் சந்திரபாபுவும் ஒரே அணியாக இறங்கினார்கள். மாநிலத்துக்குச் சிறப்பு அந்தஸ்து வரும் என்றார்கள். சரியாக நான்கு ஆண்டு கழித்து, 2018 ஏப்ரல் 30 அன்று, அதே ஸ்டேடியத்தில் சந்திரபாபு எதிரணியாக வந்து, அது ஏன் வரவில்லை என்று கேட்டார். தேதி தவறாமல் நடக்கும் போட்டி அட்டவணைக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

அரசாங்கமும் தன் பங்குக்கு எங்களைக் காப்பாற்றியது. 2023 டிசம்பரில் ஜெகன் அரசு 'ஆடுதாம் ஆந்திரா' என்று ஊர் ஊராகப் போட்டி நடத்தியது. கிரிக்கெட், கபடி, வாலிபால், கோ-கோ, பாட்மின்டன் ஆகிய ஐந்துக்கும் பரிசு. மாநிலமே ஆடியது; கால்பந்துக்கு மட்டும் பூரண ஓய்வு.

ஜப்பானில் கஷிமா என்று ஓர் ஊர் இருக்கிறது. எங்களைப் போலவே பழைய கோயில், பக்கத்தில் ஆலை. இன்றும் மக்கள்தொகை எழுபதாயிரத்தைத் தொடாத ஊர். திருப்பதி நகரமோ 2011 கணக்கிலேயே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். கஷிமாக்காரர்கள் ஆலைத் தொழிலாளர் அணியை வைத்துக்கொண்டு புது ஜப்பான் லீகில் இடம் கேட்டார்கள். வாய்ப்பே இல்லை, கூரை போட்ட பதினைந்தாயிரம் இருக்கை ஸ்டேடியம் கட்டினால் பார்க்கலாம் என்று லீக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அந்த அப்பாவிகள் நிஜமாகவே கட்டிவிட்டார்கள்! கோயில் மான்களின் கொம்பைக் கிளப்புக்குப் பெயராக வைத்தார்கள். பிரேசிலின் ஜிகோவைக் கொண்டுவந்தார்கள். 1993 லீகின் முதல் சுற்றையே வென்றார்கள். 2016இல் உலக கிளப் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டைக் கூடுதல் நேரம் வரை மூச்சு வாங்க வைத்தார்கள். ஒன்பது முறை லீக் பட்டம். இத்தனையும் எதற்கு? அதற்குப் பதில் எத்தனை பொதுக்கூட்டம் நடத்தியிருக்கலாம்!

ஜப்பான் கம்பெனிகள் எங்கள் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கும் வந்திருக்கின்றன. இசுசுவின் வண்டி, டைகினின் ஏசி எல்லாம் இங்கேயே தயாராகின்றன. இந்தக் கொம்பு சமாச்சாரத்தை மட்டும் அவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் ஏதாவது வேலை சொல்லிவிடுவார்கள்: பள்ளி மைதானத்தில் கல் பொறுக்கு, பன்னிரண்டு வயசுப் பையன்களுக்கு ஆண்டு முழுக்க ஆட்டம் வை, பத்து வருஷம் கோப்பையைக் கேட்காதே என்று. கோடிகளைத் தேடுவது கௌரவமான காரியம். கல் பொறுக்குவது அப்படியா?

ஆகவே முதலாளிகளே, தாராளமாக வாருங்கள். தரிசன டிக்கெட்டுக்குச் சொல்லி வைக்கிறோம், லட்டும் வாங்கித் தருகிறோம். மைதானம் எப்போது காலி என்று மட்டும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். அடுத்த மீட்டிங் எந்தக் கட்சிக்கு என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்.